சட்டைப் பையில் அகப்பட்ட சீட்டு

குடும்ப இரகசியத்தை வீதிக்குக் கொணரலாகாது என்பது நம்மவர் கொள்கை. அக்கொள்கையை நெடுங்காலம் போற்றியவருள் நாமும் ஒருவர். ஆயினும், வாய் திறவாது அழும் சகோதரிகள் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பலர் உளராதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

2009ஆம் ஆண்டில் ஒரு நாட்காலை, கிள்ளானில், துணி துவைக்க எடுத்தபோது நம் கணவரின் சட்டைப் பையில் தண்ணீர்ப் பில் ஒன்று அகப்பட்டது. பெயர் அவருடையது, முகவரி நம்முடையதன்று. ஒரு வீட்டிற்குத் தண்ணீர்க் காசு கட்டுபவர் அவ்வீட்டின் விருந்தினராக மாத்திரம் இருப்பாரோ? அன்று மாலை வினவினோம். அவர் மறுக்கவில்லை. மறுத்திருப்பின் நம்பியிருப்போம், அந்நினைவே இன்றும் நம்மை நாணச் செய்கின்றது.

செய்தி அறிந்து முதலில் வந்தவர் பெரியம்மாள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய புருஷன் அதே லயத்தில், நான்கு வீடு தள்ளி, மற்றொருத்தியையும் மணந்து வைத்திருந்தார். இரு குடும்பத்தாரும் ஒரே குழாயில் நீர் பிடித்தனர். "ஆம்பிளை சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணியைக் கண்டால் கழுவுவான். நீ பொறுத்துப் போடி" என்றார். அச்சேற்றை வீட்டுக்குள் துடைப்பவள் யார் பெரியம்மா என்றோம். கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அவர் காலத்தில் அவருக்குப் போக்கிடம் ஏது? 1976இல் இயற்றப்பெற்ற திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த பின்னரே, இந்நாட்டில் முஸ்லிமல்லாத ஆடவன் மனைவியிருக்க மறுதாரம் கொள்ளுதல் குற்றமாயிற்று. பிறர்மனை நயத்தல் மணவிலக்குக்குரிய காரணங்களுள் ஒன்றென்றும் அச்சட்டம் கூறுகின்றது. ஆணுக்கொரு விதி, பெண்ணுக்கொரு விதி என்றில்லை. கற்பு இருபாலார்க்கும் பொது என்று மேடைதோறும் கை தட்டிய நம் கனவான்கள், தம் உறவினன் பெயர் அடிபட்டதும் "பிள்ளைகளை நினைத்துப் பார்" என்றனர். பிள்ளைகளை நினைத்தே சமரசக் குழுவின் முன் சென்றோம். அங்கே கணவர், தாம் திரும்பி வருவதாகக் கூறினார். மனம் இளகியது உண்மை. ஆனால் அவள் வீட்டு வாடகையை யார் கட்டுவது என்று வினவியபோது, அவர் தரையைப் பார்த்தார். வழக்கைத் தொடர்ந்தோம்.

துயரம் பெரிதென்பர். நமக்குப் பெரிதாயிருந்தது கணக்கு. வீட்டுத் தவணை எத்துணை, மின்சாரக் கட்டணம் எந்நாளில் கட்டுவது என்பன யாவும் பத்தொன்பதாண்டு இல்லறத்தில் நாம் அறியாதவை. மகனைப் பக்கத்தில் இருத்தி, பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு எழுதக் கற்றோம். இரவில் அழுவதற்கு முன் அந்நோட்டை முடித்துவிடுவது வழக்கமாயிற்று. மூன்று திங்கள் வரை, அரிசி அளக்கும் பால் டின்னை நம் கை தானாகவே ஒருமுறை மிகுதியாக முகந்தது. மிகுந்த சோறு மறுநாட் காலைக்குப் பழையதாயிற்று. பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை.

தாலியை விற்றுத் தையல் இயந்திரம் வாங்கினோம். தட்டார் அதனை நிறுக்கத் தயங்கினார். பொன் பொன்தானே என்றோம். தீர்ப்பு வந்த ஆண்டில் முன்னறையில் வாடிக்கைக்காரர் அமர இரண்டு நாற்காலி போட்டிருந்தோம்.

ஒரு நாள் அதில் வந்து அமர்ந்தவர் பெரியம்மாள். பேத்தியின் சடங்குக்கு இரவிக்கைத் துணி கொணர்ந்திருந்தார். பழைய பேச்சு எதுவும் எடுக்கவில்லை. கூலி முப்பது வெள்ளி என்றோம். "சொந்தக்காரிக்குமா?" என்று பேரம் பேசினார். நாம் குறைக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணி வைத்துவிட்டு, கழுத்து அளவைச் சரியாக எடுக்கும்படி இருமுறை சொல்லிச் சென்றார்.