நோ டியூஸ் சர்டிஃபிகேட்

சாமியாராகப் போய்விடலாமா என்ற யோசனை எனக்கு மூன்று வருஷமாக இருக்கிறது. சிரிக்காதீர்கள். பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு, 'காசிக்குப் போறேன்' என்று செருப்பை மாட்டுகிற ரகம் இல்லை இது. வீட்டில் சண்டை எதுவும் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறது. வேலையும் போகவில்லை. ஒரு மத்தியானம் ஆபீஸில் உட்கார்ந்து, மத்திய பட்ஜெட் பற்றிய கட்டுரையைப் பதினேழாவது வருஷமாக எழுதிக்கொண்டிருந்தேன். 'சரி, போதும்' என்று உள்ளே யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

அதிலிருந்து காலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருகிறேன். ஜபம், தியானம் என்றெல்லாம் பெயர் வைக்கத் தெரியாது. பால் வண்டி சத்தம், பக்கத்துத் தெருப் பள்ளிவாசல் பாங்கு, கொஞ்சம் காற்று. நாள் முழுவதிலும் அந்த ஒரு மணி நேரம்தான் நிஜம் என்று தோன்றுகிறது. மிச்ச இருபத்து மூன்று மணி நேரத்தையும் அப்படியே ஆக்கிக்கொண்டால் என்ன?

நான் பி.காம். படித்தவன். மியூச்சுவல் ஃபண்டோ, மடமோ, சேருமுன் விதிமுறைகளைப் படித்துவிடுவேன். படித்தால், கேட்டதும் காவி தருகிற விஷயமில்லை இது. ராமகிருஷ்ண மடத்தில் இளைஞர்களைத்தான் விரும்பிச் சேர்க்கிறார்கள். அவர்களுக்கே முதலில் வெள்ளை வேட்டிதான். பிரம்மச்சரிய தீட்சைக்குச் சில வருஷம், சந்நியாசத்துக்கு இன்னும் சில வருஷம் என்று ஏறத்தாழ பத்து வருஷம் ஓடிவிடும். ஆடிட்டர் ஆவதற்குக்கூட இவ்வளவு நாள் ஆகாது.

பழக்கமான ஒரு துறவியிடம் போனேன். ஊரும் மடமும் வேண்டாம். வேதாந்தத்தில் ஏதாவது கேட்பார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"கடன் ஏதும் பாக்கி இருக்கா?"

"ஹவுசிங் லோன் இருக்கு சாமி. இன்னும் ஒன்பது வருஷம்."

"கட்டி முடிச்சிட்டு வாங்க. பேசலாம்."

தமாஷ் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினால், தமாஷ் இல்லை, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக இதே கேள்விதான்!

பௌத்த சங்கத்தில் பிக்குவாகச் சேர வருகிறவனிடம் கேட்பதற்கு விநய நூலில் ஒரு பட்டியல் இருக்கிறது. நீ மனிதன்தானா? (நாகம் ஒன்று மனித உருவில் வந்து சேர்ந்துவிட்டதாம், அதனால்.) ஆண்தானா? தொற்று நோய் உண்டா? இருபது வயது நிரம்பியதா? அரசனிடம் வேலையில் இருக்கிறாயா? கடன் இல்லாதவனா? தாய் தந்தை அனுமதி கொடுத்தார்களா? தேரவாத நாடுகளில் இன்றும் இதைக் கேட்டுவிட்டுத்தான் சேர்க்கிறார்கள். ஞானம், நிர்வாணம் பற்றி ஒரு கேள்விகூட அதில் கிடையாது. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு வழக்கு இருக்கிறது. கடன்காரன் ஒருவன் மொட்டையடித்து உள்ளே வந்துவிட்டான். கடன் கொடுத்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். பிம்பிசாரனின் படைவீரர்கள் சண்டைக்குப் போகாமல் சங்கத்துக்கு வந்துவிட்டார்கள். ராஜா புகார் செய்தார். பேரன் ராகுலனையும் துறவுக்குக் கூட்டிப் போனதைத் தாங்காமல் சுத்தோதனரே வந்து நின்றார். பெற்றோர் அனுமதி வேண்டும் என்று விதி வந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ம் வருஷத்துச் சட்டத் தொகுப்பும் அதைத்தான் சொல்கிறது. அடைக்க முடியாத கடன் உள்ளவரைத் துறவற சபையில் சேர்க்கக் கூடாது. திருமண பந்தம் இருக்கும்வரை கணவனையோ மனைவியையோ சேர்த்தால் செல்லாது. கௌடில்யர் இன்னும் கறார். மனைவி மக்களுக்கு வழி செய்யாமல் துறவு போகிறவனுக்கு அர்த்தசாஸ்திரத்தில் அபராதமே உண்டு.

ரமணர்? எதையும் யாரிடமும் கேட்காமல் போனவராச்சே என்பீர்கள். 1896-ல், பதினாறு வயதில் மதுரை வீட்டை விட்டுக் கிளம்பும்போது அண்ணனின் காலேஜ் ஃபீஸ் ஐந்து ரூபாய் அவர் கையில் இருந்தது. ரயிலுக்கு மூன்று ரூபாய் எடுத்துக்கொண்டார். மிச்சம் இரண்டு ரூபாயையும், ஃபீஸ் இன்னும் கட்டவில்லை என்று எழுதிய சீட்டையும் வைத்துவிட்டுத்தான் போனார். எந்தக் காமர்ஸ் வாத்தியாரும் ஒத்துக்கொள்ளும் கணக்கு. திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சிய அம்மாவோடு அவர் போகவில்லை. ஆனால் 1916-ல் அம்மாவே திருவண்ணாமலைக்கு வந்து அவரோடு தங்கிவிட்டார். 1922-ல் அம்மா இறந்தபோது மகன் பக்கத்தில்தான் இருந்தார். பட்டினத்தாரும் அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வந்தாரென்றுதானே கதை.

தமிழில் கடனுக்கும் கடமைக்கும் ஒரே வார்த்தை என்பது அப்போதுதான் உறைத்தது. டைரியில் கோடு போட்டு எழுதினேன். பேங்க் பாக்கிக்கு ஒரு தொகை போட முடிந்தது. பையனின் காலேஜுக்கும் உத்தேசமாக ஒரு தொகை. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. மருந்துச் செலவை எழுதலாம், மற்றதை எப்படி எழுதுவது? பிக்குகளின் பட்டியல்படி அனுமதி கேட்டுப் பார்த்தேன். "ஏம்ப்பா, ஆபீஸ்ல ஏதாவது பிரச்னையா?" என்றார்.

மனைவி பெயருக்கு எதிரே எந்த எண்ணையும் எழுத முடியவில்லை. அவளிடமே கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"போறதுன்னா போங்க. நீங்க போனப்புறம் நான் யாருங்க? விதவையும் இல்ல, வாழாவெட்டியும் இல்ல. ஃபார்ம் நிரப்பச் சொன்னா என்னன்னு எழுதறது?"

எனக்குத்தான் விதிமுறை தெரியுமே. "இந்து திருமணச் சட்டத்துல 13-வது பிரிவு இருக்கு. 1955 சட்டம். ஒருத்தர் துறவறம் போயிட்டா இன்னொருத்தர் விவாகரத்து கேட்கலாம்" என்றேன்.

"அப்ப நான் கோர்ட்டு கோர்ட்டா அலையணும். நீங்க மலையில உட்கார்ந்திருப்பீங்க."

கொஞ்ச நேரம் கீரைதான் பேசியது. பிறகு அவள் சொன்னாள்: "எனக்கும்தான் தோணியிருக்கு. தம்பி பிறந்த வருஷத்துலேருந்து தோணுது. யாருகிட்ட கேட்கறதுன்னு தெரியாம விட்டுட்டேன்."

இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்கு மூன்று வருஷம் சீனியர் சாமியார் என்றால்கூடப் பரவாயில்லை. பதினேழு வருஷம் சீனியர்! பெண்களுக்கென்றே 1954-ல் தொடங்கிய சாரதா மடம் பற்றியெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போது படித்தாய் என்றேன். "நீங்க பட்ஜெட் எழுதிட்டிருந்தப்ப" என்றாள்.

அதன் பிறகு நாலு மணிக்கு மொட்டை மாடியில் இரண்டு பாய் விரிகிறது. பேசுவதில்லை. அம்மா எழுந்தால் கேட்பதற்காக மாடிக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறோம். முதல் நாள் அவள் போனாள், மறுநாள் நான். முறை வைத்திருக்கிறோம்.

போன மாதம் பேங்கில் விசாரித்தேன். மாசம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் ஒன்பது வருஷம் ஏழாகக் குறையுமாம். கணக்கைக் கொண்டுவந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை கூட்டிப் பார்த்தாள்.

"சரி, கட்டுங்க. யாரு முதல்ல போறதுன்னு அப்ப சீட்டு குலுக்கிப் போட்டுக்கலாம்."