நார்வே நாட்குறிப்பு – 4: அணைத் தண்ணீரின் விலை

ஸ்டவாங்கரிலிருந்து சூல்டாலுக்குப் போகும் வழியில் முதலில் கடலடிச் சுரங்கம். ரீஃபில்கே சுரங்கப்பாதை 14 கிலோமீட்டருக்கும் அதிக நீளம். ஆழமான இடத்தில், கடல்மட்டத்துக்கு 290 மீட்டர் கீழே வண்டி ஓடுகிறது. மேலேறி, யெல்மெலாண்ட் துறையில் ‘ஹைட்ரா’ ஃபெர்ரியில் ஏறினேன். திரவ ஹைட்ரஜனில் ஓடும் உலகின் முதல் ஃபெர்ரி இது. 2023 முதல் அப்படி ஓடுகிறது. அந்த ஹைட்ரஜன் ஜெர்மனியின் லாய்னாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வருகிறது. மலைக்கு மலை மின்சாரம் எடுக்கும் நாட்டில்கூட, புதிய எரிபொருள் ஓடிக் காட்டுவது வேறு, கட்டுப்படியாவது வேறு.

சூல்டாலில் ஏரிக்கரை மலையைக் குடைந்து கட்டியிருக்கிறார்கள் க்வில்டால் நீர்மின் நிலையத்தை. 1,240 மெகாவாட், நார்வேயிலேயே பெரியது. இதற்குத் தண்ணீர் தரும் ப்ளோஷோ நீர்த்தேக்கம் நிரம்பினால், சுமார் 780 கோடி யூனிட் மின்சாரம் எடுக்கலாம்.

மழை சும்மாதானே பெய்கிறது, மின்சாரத்துக்கு எதற்கு இவ்வளவு விலை? நான் தங்கிய விடுதியை நடத்தும் அம்மாவின் கேள்வி இதுதான். அவர் கைபேசியில் மறுநாளைய மின்விலை மணிவாரியாக வந்துவிடுகிறது. அதைப் பார்த்துத்தான் துணி துவைக்கும் நேரத்தை முடிவுசெய்கிறார். “எங்க மலையில விழுற மழைக்கு ஜெர்மனிக்காரங்க ஏன் விலை வைக்கணும்?” என்றார்.

அணைக்காரரின் கணக்கு, பட்டறையில் வெங்காயம் போட்டு வைத்த விவசாயியின் கணக்கு. இன்று திறந்துவிடும் தண்ணீர் நாளைக்குக் கிடையாது. ஆகவே நாளை என்ன விலை போகும் என்ற மதிப்பீடுதான் இன்றைய விலை. அந்த மதிப்பீட்டில் வெளிநாட்டு விலையும் சேரும். 2021இல் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் தலா 1,400 மெகாவாட் கடலடிக் கேபிள்கள் ஓடத் தொடங்கின. பிரிட்டன் கேபிள் இந்த க்வில்டாலிலிருந்தே புறப்பட்டு 720 கிலோமீட்டர் போகிறது. அடுத்த ஆண்டு ரஷ்ய எரிவாயு வரத்து சுருங்கியது. தென் நார்வே அணைகளிலும் நீர் குறைந்தது. நாடு ஐந்து விலை மண்டலங்களாகப் பிரிந்திருப்பதால், வடக்கை விடத் தெற்கில் விலை பல மடங்கு ஏறியது.

அந்த அம்மாவின் கோபம் நியாயமானது. ஆனாலும் கேபிள் இருவழிப் பாதை என்பதை அவரிடம் சொன்னேன். வடகடலில் காற்று பலமாக வீசும் நாட்களில் மலிவான மின்சாரம் உள்ளே வருகிறது, அணையில் தண்ணீர் மிஞ்சுகிறது. வறண்ட ஆண்டில் கைகொடுப்பதும் அதுதான்.

இந்தச் சச்சரவு அரசையே அசைத்தது. ஐரோப்பிய ஒன்றிய எரிசக்தி விதிகளை ஏற்பதில் தகராறு முற்றி, 2025 ஜனவரியில் மையக் கட்சி ஆட்சியிலிருந்து விலகியது. அதே ஆண்டு அக்டோபரில் ‘நார்வே விலை’ என்ற திட்டம் வந்தது. விரும்பும் வீடுகளுக்கு, வரி சேர்த்து யூனிட்டுக்கு 50 ஓரே, அதாவது அரை குரோனர், நிலையான விலை.

எனக்கு இதில் உடன்பாடில்லை. நிலையான விலைக்கு மாறிய வீட்டில் மணிவாரிச் சந்தை விலையைப் பார்க்க யாருக்கும் காரணம் இல்லை. சந்தை விலை ஏறினால் வித்தியாசத்தை அரசே ஏற்பதால், நீச்சல் குளத்தைச் சூடாக்கும் பெரிய வீட்டுக்கு அதிக மானியமும், சிக்கனமாக இருக்கும் சிறிய வீட்டுக்குக் குறைந்த மானியமும் போய்ச் சேரும்.

இதைவிட நல்ல வழி நார்வேயின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 1917ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியாருக்குக் கொடுத்த அருவி உரிமை குறித்த காலம் முடிந்ததும் அணையோடும் நிலையத்தோடும் இழப்பீடின்றி அரசுக்குத் திரும்ப வேண்டும். அந்த உறுதியும் ஒரு காரணமாக, இன்று நீர்மின்சாரத்தில் சுமார் 90 சதவீதம் பொது உடைமை. க்வில்டாலின் பெரும்பங்கும் அரசு நிறுவனமான ஸ்டாட்கிராஃப்ட்டிடம் இருக்கிறது. விலை ஏறும்போது வரும் லாபத்தில் பெரும்பகுதி மக்களின் கருவூலத்துக்கே வருகிறது. அதை வீட்டுக்கு வீடு சமத் தொகையாகக் கொடுத்துவிட்டு, மின்விலையைச் சந்தையிடமே விடலாம். அப்போது சிக்கனமும் நிற்கும், சிறிய வீடும் பிழைக்கும். நார்வே அரசு செய்ய வேண்டியது அதுதான்.

(பயணம் தொடரும்)