யார் ஏத்திக்கிட்டு வர்றது?

கெர்லிங்கை நீங்கள் கடந்து போயிருப்பீர்கள், இறங்கியிருக்க மாட்டீர்கள். கோலகுபு பாருவுக்கும் களும்பாங்குக்கும் இடையில், கூட்டரசுச் சாலையோரத்தில் உள்ள சிற்றூர். ரவாங்கைத் தாண்டித் தஞ்சோங் மாலிம் வரை போகும் கோமுட்டர் ரயில்கூட அங்கே நிற்பதில்லை. அவ்வூரை ஒட்டிய ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான்.

"அக்கா, மலருக்கு உங்கள் பல்கலைக்கழக அனுபவத்தை எழுதித் தாருங்கள்" என்று பேரவைத் தங்கை ஒருத்தி கேட்டபோது, என் மனமோ மகளின் வலைப்பந்து அணியில் நின்றுகொண்டிருந்தது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

1990-ஆம் ஆண்டு. எனக்கு வயது பன்னிரண்டு. எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் மேல்வகுப்புகளில் பெண்கள் மொத்தம் ஒன்பது பேர். வலைப்பந்துக்கு ஏழு பேர் வேண்டும். ஆடத் தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்க வழியேது? செம்மண் திடலில் ஆசிரியர் இரும்புக் குழாயை நட்டு வளையத்தைப் பொருத்தியிருந்தார். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய எம். ராஜாமணியைப் பற்றி அடிக்கடி சொல்வார். 1966-இல் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நம்மினத்துப் பெண் என்று சொல்லும்போது அவர் குரல் மாறும்.

நான் சென்டர். இரண்டு கோல் வட்டங்களைத் தவிரத் திடல் முழுவதும் ஓடலாம். அவ்வாண்டு மாவட்ட அணிக்கான பயிற்சிக்கு என் பெயர் வந்தது. கோலகுபு பாருவில், இரண்டு வாரம், மாலை வேளைகளில்.

அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "முடிஞ்சதும் யாரு ஏத்திக்கிட்டு வர்றது?"

என்னிடம் பதிலில்லை. பேருந்து சாலை முனையில் இறக்கிவிடும். அங்கிருந்து லயத்துக்கு இரண்டு மைல். இருபுறமும் ரப்பர்க்காடு, விளக்குக் கிடையாது. நான் போகவில்லை. பெண்பிள்ளை என்பதால்தான் தடுத்துவிட்டார் என்ற கோபத்தைப் பல்கலைக்கழகம் வரை சுமந்து வந்தேன்.

இப்போது ரவாங்கில் வசிக்கிறோம். மகள் படிவம் இரண்டு, பள்ளி அணியில் ஆடுகிறாள். கிளப்பில் சேர்த்தால் முன்னேறுவாள் என்றார் பள்ளி ஆசிரியர். "சேர்த்துவிடு, யு.பி.யு.வுக்கு மார்க் வரும்" என்றார்கள் உறவினர்கள். பொதுப் பல்கலைக்கழக நுழைவில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. அந்தப் பத்தை நானும் கணக்குப் போட்டேன், பொய் சொல்வானேன்? ஆனால் எந்த அணி என்பதை அந்தப் பத்து சொல்லித் தரவில்லை.

இரண்டு கிளப்புகளைப் பார்த்தோம். ஒன்று கோலாலம்பூரில். மாதம் 200 ரிங்கிட். ஜொகூர், பினாங்கு என்று போட்டிகளுக்குப் போவார்கள்; வேன், தங்கும் செலவு தனி. பயிற்சி உயர்தரம். வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது. பிடித்த வேகத்தில் நிற்க வேண்டும், மூன்று விநாடிக்குள் பந்தைக் கைமாற்ற வேண்டும். அப்படித் திடீரென நிற்கும்போது முழங்கால்தான் அடிபடும். முட்டியை மடக்கி எப்படித் தரையிறங்குவது என்பதற்கே அங்கு அரைமணி நேரம் ஒதுக்கினார்கள். பயிற்றுநர் ஒளிக்காமல் சொன்னார்: "முதல் ஆண்டு பெரும்பாலும் வெளியில்தான் உட்கார வேண்டியிருக்கும்." அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

மற்றொன்று ரவாங்கிலேயே. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் நடத்துவது. மாதம் 50 ரிங்கிட், பத்துப் பிள்ளைகள், தேய்ந்த பந்துகள். முழங்கால் பயிற்சியெல்லாம் இல்லை. நாங்கள் பார்க்கப்போன அன்று ஏழு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஒரு பிள்ளையின் தந்தை வந்து சேர எட்டே கால் ஆயிற்று. அதுவரை ஆசிரியை ஒருவர் அவளோடு படிக்கட்டில் அமர்ந்து, கறிபாப்பைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது.

காரில் திரும்பும்போது இரண்டின் நிறைகுறைகளையும் அடுக்கினேன். மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு சொன்னாள்:

"ரெண்டு கோச்சுகிட்டயும் சென்டர் இடம் காலியா இருக்கான்னு கேட்டீங்க. நான் கோல் கீப்பர்மா."

காரை ஓரங்கட்டினேன். அவளுடைய ஆட்டங்களில் நான்குக்குத்தான் போயிருக்கிறேன். அங்கும் என் கண்கள் சென்டரின் பின்னாலேயே ஓடியிருக்கின்றன! நான் அணி தேடியது பதினான்கு வயது மகளுக்கா, பன்னிரண்டு வயது எனக்கா?

"கோல் கீப்பர் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"என் பக்கத்து மூணுல ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பந்து அந்தப் பக்கம் போனா கோட்டுல நின்னு பார்ப்பேன். திரும்பி வந்தா எனக்கு வேலை. பெரிய கிளப்புல என்னைவிட உயரமா மூணு கீப்பர் இருக்காங்க. இங்க நான் ஒருத்திதான். எனக்கு ஆடணும்மா."

ரவாங் அணியில் சேர்த்தோம். முழங்கால் பயிற்சியைப் பற்றித் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். ஆசிரியை கோபித்துக்கொள்ளவில்லை, மறுவாரமே சேர்த்துக்கொண்டார். முதல் போட்டியில் எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். மகள் ஒவ்வொரு ஆட்டத்திலும் முழுநேரமும் நின்றாள். இரண்டாண்டு கழித்து அவளே பெரிய கிளப்பைக் கேட்கலாம், கேட்டால் போகட்டும்.

தம்பி தங்கையரே, நாளை உங்கள் பிள்ளைக்கும் ஓர் அணி தேடுவீர்கள். கோப்பைகளை எண்ணுவதற்கு முன் ஒரு பயிற்சியை முழுதாக இருந்து பாருங்கள். பந்தைத் தவறவிட்ட பிள்ளையை என்ன செய்கிறார்கள், கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை யார் இருக்கிறார்கள் என்று கவனியுங்கள். முக்கியமாக, உங்கள் பிள்ளை எந்த இடத்தில் ஆடுகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

அப்பா இன்னும் கெர்லிங்கில்தான் இருக்கிறார். போன மாதம் போனபோது, பேத்தி கிளப்பில் ஆடுவதைச் சொன்னேன்.

"ராத்திரி யாரு ஏத்திக்கிட்டு வர்றது?"

"நான்தாம்பா."

"அப்ப சரி" என்றார். சற்று நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு என்கிட்ட ஒரு மோட்டாரு இருந்திருந்தா உன்னையும் அனுப்பியிருப்பேன்" என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை அவரும் மறக்கவில்லை.