கல்முகமும் பிரதிகளும்

பஸ்டர் கீட்டன் என்றதும் முதலில் பேச்சுக்கு வருவது அவருடைய சிரிக்காத முகம். 'கல்முகம்' என்ற பட்டம் அவர் உயிரோடிருந்த காலத்திலேயே அமெரிக்காவில் அவருக்கு ஒட்டிக்கொண்டது. நம்முடைய வட்டத்துக்குள் வந்து சேர்ந்தபோது அது பட்டமாக மட்டும் நிற்கவில்லை, தத்துவமாகிவிட்டது. யந்திரங்களின் நடுவே உணர்ச்சி வற்றிப்போன மனிதன், எதற்கும் சலனப்படாதவன், காம்யுவின் அந்நியனுக்கு மூத்தவன் என்றெல்லாம் பேசப்பட்டது.

இந்த வழியில் எழுதப்பட்டவற்றில் நல்லதென்று நான் கருதுவது ஒரு நண்பர் 1980களின் நடுவில் எழுதிய கட்டுரை. 300 பிரதிகள் அச்சான ஒரு பத்திரிகையில் வந்தது. புரூஃப் பார்த்தவன் நான். கீட்டனின் 'தி ஜெனரல்' (1926) என்ற ஒரே படத்தை வைத்துக்கொண்டு எழுதியிருந்தார். அனாவசியச் சதையில்லாத வாக்கியங்கள். இன்று எடுத்துப் படித்தாலும் கட்டுரை நிற்கிறது. எதன்மேல் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

அவர் படத்தைப் பார்த்தது ஒரு வீடியோ கேசட்டில். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்ததை ஒருவர் பதிவுசெய்து, அதிலிருந்து இன்னொருவர் பதிவுசெய்து, மூன்று நான்கு கை மாறி வந்த கேசட். டெக் வாடகைக்கு எடுத்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்தோம். படத்தின் மேல்பகுதி ஒருபக்கமாகச் சாய்ந்தே நின்றது. அடியில் வெள்ளைக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. கீட்டனின் முகம் ஒரு வெள்ளைத் திட்டு, அதில் இரண்டு கறுப்புப் பள்ளங்கள். புருவம் எங்கே, இமை எங்கே என்பதெல்லாம் பார்ப்பவரின் ஊகத்துக்கு விடப்பட்டிருந்தது. அந்த முகம் அசையவில்லை என்று நண்பர் எழுதினார். அசைந்திருந்தாலும் அந்தக் கேசட்டில் தெரிந்திருக்காது.

கறுப்பு வெள்ளைப் படம் என்று சொல்கிறோம். உண்மையில் கறுப்பும் வெள்ளையும் அதன் இரண்டு ஓரங்கள் மட்டுமே. படம் நடப்பது இடையிலுள்ள சாம்பல் நிறங்களில். படச்சுருளிலிருந்து ஒரு பிரதி, அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி என்று எடுக்க எடுக்க முதலில் போவது இந்தச் சாம்பல்தான். வெளிறியது வெள்ளையாகிறது, மங்கியது கறுப்பாகிறது. 35 மில்லிமீட்டர் சுருளை 16 மில்லிமீட்டராகக் குறுக்கி, அதை வீடியோவாக மாற்றி, அந்த வீடியோவையும் நகலெடுத்தால் மிச்சமிருப்பது நிழலின் நிழல். வி.எச்.எஸ். நாடா நல்ல நிலையில் இருக்கும்போதே ஏறத்தாழ 240 கோடுகள் அளவுக்கு மேல் நுணுக்கம் காட்டாது. நாலாவது கை நாடாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சோகப் படம் இந்தச் சேதத்தைக் கொஞ்சம் தாங்கும். முகத்தை அருகில் காட்டி, இசையைச் சேர்த்துவிட்டால் மங்கலான படத்திலும் அழுகை வந்துவிடுகிறது. கீட்டனின் நகைச்சுவைக்கு அந்த வசதி இல்லை. அவர் காமிராவைத் தள்ளி வைக்கிறார். மனிதன் முழுதாகத் தெரிய வேண்டும், அவனைச் சுற்றியுள்ள வெளியும் தெரிய வேண்டும். அவனுக்குத் தெரியாத ஒன்று அதே சட்டகத்துக்குள் நமக்குத் தெரிய வேண்டும். அவனுக்கும் நமக்கும் உள்ள இந்த இடைவெளிதான் சிரிப்பு.

'தி ஜெனரல்' படத்தில் ஒரு காட்சி. அமெரிக்க உள்நாட்டுப் போர். கடத்தப்பட்ட தன் ரயிலைத் துரத்திக்கொண்டு ஜானி கிரே என்ற எஞ்சின் டிரைவர் போகிறான். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள விறகு வண்டியில் குனிந்து விறகு பிளந்துகொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் தென்பகுதிப் படை பின்வாங்கிப் போகிறது. அதன்பின் வடபகுதிப் படை முன்னேறி வருகிறது. போரே கைமாறிவிட்டது. அவன் நிமிரவில்லை. எதிரியின் பூமிக்குள் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறான், அது தெரியாமல் விறகு பிளக்கிறான்.

இந்தக் காட்சி இரண்டு சாம்பல் நிறங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை நம்பி எடுக்கப்பட்டது. தென்பகுதிச் சீருடை வெளிர் சாம்பல், வடபகுதிச் சீருடை அடர் நீலம், திரையில் அது அடர்ந்த சாம்பல். ஆரெகன் மாநிலத் தேசியக் காவல்படை ஆட்களையே இரண்டு பக்கத்துக்கும் சீருடை மாற்றி நடக்கவிட்டார் கீட்டன். அதாவது அந்த மனிதர்களைப் பிரித்துக் காட்டுவது துணியின் சாயல் ஒன்றுதான். கேசட்டில் அந்தச் சாயல் இல்லை. அங்கே நாங்கள் பார்த்தது, புகைமாதிரி ஏதோ நகர, ஒருவன் விறகு வெட்டிக்கொண்டிருந்ததை. யாரும் சிரிக்கவில்லை. நண்பரின் கட்டுரை அந்தக் காட்சியை 'அர்த்தமற்ற உழைப்பின் படிமம்' என்று வர்ணித்தது. அந்தப் பிரதியில் அது அப்படித்தான் இருந்தது.

இன்னொரு காட்சி. காதலி அவனைக் கோழை என்று ஒதுக்கிவிட்டாள். எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின்மேல் போய் உட்காருகிறான். எஞ்சின் நகர்கிறது. தண்டு அவனைத் தூக்குகிறது, இறக்குகிறது, மறுபடி தூக்குகிறது. கொட்டகைக்குள் நுழையும் கடைசி நொடியில்தான் அவனுக்கு உறைக்கிறது. துலக்கமான பிரதியில் அந்தக் கண்களில் வந்துபோகும் திடுக்கிடலைப் பார்க்கலாம். முகம் கலையவில்லை, பார்வை கலைந்துவிட்டது. கல் என்று சொல்ல முடியாது அதை.

இவ்வளவு மோசமான பிரதிகளாக ஏன் இந்தப் படங்கள் சுற்றின என்பதற்குக் காரணங்கள் ஸ்தூலமானவை. 1950களின் தொடக்கம்வரை படச்சுருள் நைட்ரேட்டில் தயாரானது. சுலபத்தில் தீப்பிடிக்கும், தீப்பிடிக்காவிட்டால் பிசுபிசுத்துப் பொடியாகும். பேசும்படம் வந்தபின் மௌனப்படத்தைப் பாதுகாக்க யாருக்கும் அக்கறையில்லை. கீட்டனின் பழைய பங்களாவை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேஸன் அங்கே கிடந்த படச்சுருள்களைக் கண்டெடுத்திராவிட்டால் சில படங்களின் கதி என்னவாகியிருக்குமோ. 'தி ஜெனரல்' விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28 வருஷத்தில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும், யாரும் புதுப்பிக்கவில்லை. 1950களிலேயே படம் பொதுச்சொத்தாகிவிட்டது. பொதுச்சொத்து என்பது கேட்க நன்றாயிருக்கிறது. கையில் கிடைத்த எந்தப் பிரதியிலிருந்தும் எவரும் நகலெடுத்து விற்கலாம் என்பதே நடைமுறையில் அதன் அர்த்தம். யாருக்கும் சொந்தமில்லாததை யாரும் துடைத்து வைப்பதில்லை.

டிவிடி வந்ததும் பழைய நாடாவையே அதில் ஏற்றி விற்றவர்களும் உண்டு. வட்டு புதிது, படம் பழைய சேறு. பிறகு மூலநெகட்டிவுக்கு அருகிலுள்ள சுருள்களைத் தேடிப்போய், ஒவ்வொரு சட்டகமாக ஒளிவருடி எடுத்த ப்ளூ-ரே வட்டுகள் வந்தன. அமெரிக்க டிவிடியின் ஒரு சட்டகத்தில் 720க்கு 480 புள்ளிகள், ப்ளூ-ரேயில் 1920க்கு 1080. ஆறு மடங்கு. இத்தாலியில் போலோஞ்ஞா நகரின் சினிமா ஆவணக்காப்பகம் 2015இலிருந்து கீட்டன் படங்களை வரிசையாக மீட்டெடுக்கும் வேலையில் ஈடுபட்டது. பல நாடுகளின் காப்பகங்களில் சிதறிக்கிடக்கும் பிரதிகளைத் தருவித்து, ஒப்பிட்டு, இந்தத் துண்டு இதில் நன்றாயிருக்கிறது, அந்தத் துண்டு அதில் என்று சேர்க்கிறார்கள். நமக்கு இது புதிய காரியம் அல்ல. ஏடுகளை அடுக்கிவைத்துப் பாடபேதம் பார்த்தவர்களின் காரியம்.

பாடபேதம் இங்கேயும் நிஜமாகவே உண்டு. மௌனப்படக் காலத்தில் பல படங்களை இரண்டு காமிராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்தார்கள். ஒரு நெகட்டிவ் உள்நாட்டுக்கு, மற்றது வெளிநாட்டுக்கு. கோணம் சற்று மாறும், சில வேளை எடுப்பே வேறாயிருக்கும். சாப்ளின் தன் 1925ஆம் வருஷத்து 'தி கோல்ட் ரஷ்' படத்தை 1942இல் தானே வெட்டி, தன் குரலில் விவரணை சேர்த்து வெளியிட்டார். ஆகவே, கறைபடாத ஒரே மூலம் எங்கோ காத்திருக்கிறது என்பதும் பிரமைதான். மேலான பிரதி, கீழான பிரதி என்பதுதான் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் 'தி ஜெனரல்' வட்டை எடுத்துக்கொண்டு நண்பரைப் பார்க்கப் போனேன். அவருக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. எந்த முன்னுரையும் சொல்லாமல் போட்டேன். விறகுக் காட்சியில் சத்தமாகச் சிரித்தார். இரும்புத் தண்டுக் காட்சி வந்ததும், "நிறுத்துப்பா, கொஞ்சம் பின்னால போ" என்றார். இரண்டு தடவை பார்த்தார். "கண்ணைப் பாரு. பயந்துபோயிருக்கான்" என்றார். பிறகு படம் முடியும்வரை பேசவில்லை.

முடிந்ததும் அவர் சொன்னது எனக்கு இன்றும் முழுதாகப் பதில் சொல்ல முடியாதது. "நான் எழுதினது நான் பார்த்த படத்தைப் பத்தி. நீ காட்டினது நான் பார்க்காத படம்." "அப்ப அந்தக் கட்டுரை யாரைப் பத்தி சார்?" என்று கேட்டேன். "அந்தக் கேசட்டுல இருந்தவனைப் பத்தி. அவனும் ஒருத்தன்தானே. அந்தக் கோடு, புள்ளி எல்லாம் காலம். அதைத் துடைச்சுட்டு நேத்து எடுத்த படம் மாதிரி காட்டறது எந்த நியாயம்?"

கோடும் புள்ளியும் காலம் என்பதை நான் ஏற்கவில்லை. அது புரொஜெக்டரின் பல்லும், கவனமில்லாத கையும், மலிவான லாபரட்டரியும் செய்தது. காலம் என்று அதற்குக் கௌரவம் தருவது ரொமாண்டிக் மனோபாவம். பாழடைந்த கோயிலில் முளைத்த ஆலமரத்தை ரசிக்கிறவருக்குச் சிற்பம் பிளந்துபோவது தெரிவதில்லை.

ஆனால் அவருடைய சந்தேகத்தின் மறுபாதி சரி. துடைப்பதிலும் பொய் உண்டு. படச்சுருளில் உருவம் என்பதே வெள்ளியின் நுண்துகள்களால் ஆனது. அந்தத் துகள் அழுக்கல்ல, உருவத்தின் உடம்பு. சில வட்டுகளில் கணிப்பொறியைக் கொண்டு துகளையும் சேர்த்து வழித்துவிடுகிறார்கள். தோல் மெழுகாகிவிடுகிறது. கேசட் கல்லாக்கிய முகத்தை இது மெழுகாக்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தூசு நீக்கும் மென்பொருளை மேற்பார்வையில்லாமல் ஓடவிட்டால் அதற்கு மழைத்துளியும் தூசும் ஒன்றுதான். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் வரும் புயலை அதன் கையில் கொடுத்தால் எது மிஞ்சும்?

1980களில் லாரல்-ஹார்டி படங்கள் சிலவற்றுக்குக் கணிப்பொறியால் நிறம் பூசி விற்றார்கள். ஸ்டான் லாரலின் கண்கள் வெளிர்நீலம். நீலத்துக்கு மிகையாகவும் சிவப்புக்குக் குருடாகவும் இருந்த பழைய சுருளில் அவை வெறும் வெள்ளையாகிப்போயின. எல்லா நிறத்தையும் உணரும் சுருள் 1920களில் புழக்கத்துக்கு வந்தபிறகுதான் அந்தக் கண்கள் திரையில் கண்களாயின. அவருடைய அப்பாவித்தனம் முழுக்கக் குடியிருப்பது அங்கேதான். ஒரு சாம்பல் நிறத்தைச் சம்பாதிக்க ஒரு நடிகன் அத்தனை நாள் காத்திருந்தான். அதன்மேல்தான் சாயம் பூசினார்கள்.

வீட்டுத் தொலைக்காட்சி செய்யும் அநியாயம் தனி. சதுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் பழைய சட்டகத்தை அகலத்திரை நிறைய இழுத்து வைத்தால் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடுகிறது. ஹார்டி இன்னும் பருக்கிறார், பரவாயில்லை. லாரலும் பருக்கிறாரே! ஒருவன் ஒல்லி ஒருவன் குண்டு என்பதில் நிற்கும் கலை, ரிமோட்டின் ஒரு பொத்தானில் போய்விடுகிறது. அசைவை வழவழப்பாக்குகிறேன் என்று சட்டகங்களுக்கு நடுவே இல்லாத சட்டகங்களைத் தொலைக்காட்சியே உண்டாக்கிச் செருகுவதும் உண்டு. கீட்டன் விழுவதற்கும் எழுவதற்கும் நடுவிலுள்ள கணத்தை அவர் எண்ணி வைத்தார். அதில் செருக நமக்கு உரிமையில்லை.

ஆக, நான் கேட்பது தெளிவு, சுத்தமல்ல. இரண்டும் ஒன்றென்று வியாபாரம் சொல்லும். சுத்தம் என்பது படத்திலிருந்து எடுத்துவிடுவது. தெளிவு என்பது அதில் இருந்ததைத் திரும்பக் கொண்டுவருவது. கீறல் இருந்துவிட்டுப் போகட்டும், பின்னணியில் போகும் படை எந்தப் படை என்று தெரிய வேண்டும். விமர்சனத்தின் கேள்வியாகத்தான் இதைச் சொல்கிறேன், வீட்டு சாமான் வாங்குகிறவனின் கேள்வியாக அல்ல. எந்தப் பதிப்பைப் படித்தோம் என்று சொல்லாமல் பழம்பாடலைப் பற்றி எழுதினால் சிரிப்போம். எந்தப் பிரதியில் பார்த்தோம் என்று சொல்லாமல் உலக சினிமாவைப் பற்றி எத்தனை பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. ஐரோப்பிய இலக்கியம் நமக்கு வந்ததும் பெரும்பாலும் இப்படித்தான், ஆங்கிலத்தின் வழியாக, இரண்டாவது கை நாடாவாக.

நண்பரின் கட்டுரைகள் தொகுப்பாக வர ஏற்பாடாகியிருக்கிறது. கீட்டன் கட்டுரையில் ஒரு சொல்லையும் மாற்ற அவர் சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. 'பிரதியின் பிரதியான ஒரு வீடியோ நாடாவில் பார்த்து எழுதியது' என்று அடியில் ஒரு வரி சேர்க்க மட்டும் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வரி கட்டுரையைக் குறைக்கவில்லை. அது நிற்கும் தரை எது என்று காட்டுகிறது.

முகம் கல் அல்ல என்று தெரிந்தபின் கீட்டன் சுலபமாகிவிடவில்லை. கல் என்றால் விளக்கம் எளிது. பயம் தெரிந்தவன், அவமானம் உறைத்தவன், அத்தனையும் கண்ணில் வந்துபோக ஏன் முகத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மறுக்கிறான்? இதற்குப் புதிதாக ஒரு கட்டுரை வேண்டும். எழுத முன்வருபவர் யாராயிருந்தாலும் வட்டு என்னிடம் இருக்கிறது, வாங்கிப் போகலாம்.