நின்றுபோன கடிகாரம்

கியா பார்ம் மூடுபனி கண்ணுக்கு இனிது, கைக்கடிகாரத்துக்கோ பகை. உட்புகும் ஈரத்தால் எஃகு உறுப்புகள் துருப்பிடிக்கும். நாட்பட்ட எண்ணெய் பிசினாய் இறுகும். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த என் தந்தையாரின் கடிகாரமும் அவ்வாறே நின்றுபோயிற்று.

பணிமேசையில் அதனைப் பிரித்துக் கழுவி உலர்த்தினேன். சக்கரப் பற்களுக்கு எண்ணெய் ஆகாது. அச்சுமுனைகளில் ஊசிமுனையளவே இட்டேன். சாவி கொடுத்ததும் சமன்சக்கரம் அசைந்தது. மணிக்கு 18,000 துடிப்பு, நொடிக்கு 5.

1969இல் செய்கோ நிறுவனம் குவார்ட்சுக் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. துல்லியத்தில் அதற்கு இது நிகரன்று. ஆயினும், தேய்ந்ததைத் திருத்திக்கொள்ள மனிதக் கைக்கு இடந்தருவது இதன் பெருமை.

மங்கிய முகப்பையும் மாற்றிவிடுமாறு நண்பர் சிலர் கூறினர், நான் இசையவில்லை. அம்மங்கல் தந்தையார் உழைத்த காலத்தின் தடம். பழுதை நீக்குவோர் தடத்தைக் காக்கவும் கடமைப்பட்டோர்.