விரால் மீனும் யாமும்

புதுக்கோட்டையைச் சார்ந்த திருக்கோகர்ணம் எமது ஊர். ஆண்டுள்ள குடைவரைக் கோயிலையும், 1910-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அருங்காட்சியகத்தையும் காண வருவார் பலர். கண்மாய்க் கரையில் நின்று நீரைக் காண்பார் மிகச் சிலர். அச்சிலருள் எம் தாய்மாமன் ஒருவர். தக்கையை நோக்கிக் காத்திருப்பதை அவர் மீன்பிடித்தலென்றே மதியார். மீனைக் கண்ணாற் கண்டு, கண்ட மீனுக்கே இரையிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

இக்கலைக்கு ஆழமற்ற, தெளிந்த நீர் வேண்டும். மழை ஓய்ந்து வண்டல் படிந்தபின், முழங்காலளவு நீரில் கோரை முளைத்த கரையோரமே தக்க இடம். மீனின் உருவைத் தேடாது அதன் குறிப்பைத் தேடுமாறு மாமா எமக்குக் கற்பித்தார். விரால் வெளிக்காற்றையும் சுவாசிக்கும் மீனாதலின், இடையிடையே மேலெழுந்து வாய் திறந்து மூழ்கும். அவ்விடத்தே சிறு வளையம் விரியும். காற்றில்லாத வேளையிற் கோரைத்தாள் ஒன்று மட்டும் அசையும். எம் நிழல் நீரில் விழலாகாது, அடியோசை கேட்கலாகாது. ஒளி நீரைவிட்டுக் காற்றிற் புகும்போது வளைவதால், மீன் தான் இருக்கும் ஆழத்தினும் மேலே இருப்பதாகத் தோன்றும். இதனைப் பௌதிக வகுப்பிற் பயிலுமுன்னரே யாம் கண்மாயிற் பயின்றோம்.

ஐந்தாண்டுகட்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில் எம் அன்னையார் நெடுநாட் காய்ச்சலினின்று எழுந்து மெலிந்திருந்தார். விரால் சாறு உடம்பைத் தேற்றும் என்று அயலார் கூறினர். மாமா வெளியூர் சென்றிருந்தமையால் யாம் தனியே தூண்டிலும் தவளையுங் கொண்டு புறப்பட்டோம். மடையருகே நீர்மேற் செம்மை படர்ந்தாற்போல ஓரிடம் தோன்றியது. உற்றுநோக்கின், அவை எண்ணிறந்த விரால் குஞ்சுகள். அவற்றின் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும் என்பதை யாம் அறிவோம். "குஞ்சோடு நிக்கிறதைத் தொடாதே, மாப்பிள்ளே" என்று மாமா பன்முறை சொன்னதையும் அறிவோம்.

அறிந்தே தவளையை அச்செம்மைக்கு அப்பால் எறிந்து, அதன் ஊடே மெல்ல இழுத்தோம். நீர் வெடித்தது. அம்மீன் பாய்ந்தது பசியால் அன்று. பிள்ளைகளை நெருங்கியதைத் துரத்தவே பாய்ந்தது. எம் முழங்கை நீளமுள்ள விரால் கரையேறிற்று. தாயோ தந்தையோ அறியோம்.

சாற்றைப் பருகிய அன்னையார், "எங்கே பிடிச்சே, தம்பி?" என வினவினார். "மடைப் பக்கம், அம்மா" என்றோம். அது பொய்யன்று; முழு மெய்யுமன்று. மறுநாட் சென்று பார்த்தபோது செம்மை பாதியாய்க் குறுகியிருந்தது. மூன்றாம் நாள் கொக்குகள் அங்கே நெருங்கி நின்றன, குஞ்சுகளைக் காணோம்.

அமெரிக்க நாட்டுக் கீழ்க்கரையில், கேப் காட் முனையை அடுத்த மணற்பரப்புக்களிலும் இங்ஙனமே கண்டு பிடிக்கும் வழக்கம் உண்டு. ஆங்கே பக்கங்களில் நெடுங்கோடுகளையுடைய 'பாஸ்' மீன் ஆழமற்ற நீரில் மேயுங்கால், அதன் உருவையும் நிழலையும் நோக்கி இரை வீசுவர். 2023-ஆம் ஆண்டில், 31 அங்குலமும் அதற்கு மேலும் நீளமுள்ளவற்றைத் தூண்டிற்காரர் நீரிலேயே விட்டுவிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பெரியனவே மிகுதியாக முட்டையிடுவன. காணக் கற்றவன் விடவுங் கற்க வேண்டும் என்பதே இதன் கருத்துப் போலும். குஞ்சுகளோடிருக்கும் தாய்ப்பறவையைக் கொள்ளலாகாது என்னும் கட்டளை உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஞாயிறு பள்ளியில் அதனை ஒப்புவித்துப் பரிசு பெற்றவர் யாமே!

அன்னையார் நலம் பெற்றார். அதற்காக இறைவனைத் துதிக்கின்றோம். இன்றும் விடுமுறையிற் கண்மாய்க்குச் செல்கின்றோம், தூண்டிலோடுதான். செம்மை கண்ட இடத்தில் மட்டும் கரையில் அமர்ந்து, கொக்குகளை ஓட்டிவிட்டுத் திரும்புகின்றோம். அன்று மறைத்ததை அன்னையாருக்கு இன்னும் சொல்லவில்லை. இம்மலர் வீட்டிற்கு வரும்போது அவர் படிப்பார்.