கணை பார்க்கும் மாதம்: சங்கரன்கோவில் கரிசலில் ஒரு பழைய வேலை

ஆடித் தபசு முடிந்து கூட்டம் கலைந்ததும் சங்கரன்கோவில் வட்டாரத்துச் சம்சாரிகளின் கண் வானத்துக்குப் போய்விடும். கோமதி அம்மனின் தபசுக் காட்சியன்று பருத்தி, மிளகாய் வத்தல், தானியம் என்று தங்கள் நிலத்தில் விளைந்ததைச் சூறைவிட்டு, 'அடுத்த வெள்ளாமையும் நல்லா வரணும்' என்று வேண்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் அவர்கள். இனி வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு நிலம் தயாராக வேண்டும். வரப்பு கட்ட வேண்டும், வாய்க்கால் சீராக்க வேண்டும், முள் வெட்ட வேண்டும். இறவாரத்தில் செருகிக் கிடக்கும் மண்வெட்டியை அப்போதுதான் உருவுகிறார்கள். தகடு நன்றாக இருக்கிறது, கணை ஆடுகிறது. சில வீடுகளில் பாதிக் கணைதான் கையோடு வருகிறது.

2019-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது சங்கரன்கோவில். மேற்கே புளியங்குடிப் பக்கம் மலையடிவாரத்துச் செம்மண், எலுமிச்சைத் தோட்டங்கள். கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் போகப் போகக் கரிசல். ஈரத்தில் கரிசல் மண்வெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்தால் கல்லாக இறுகும். இந்த மண்ணில் வேலை செய்யும் கணைக்கு ஆயுசு குறைவுதான்.

ஆனால், கொத்துவதால் ஒடியும் கணைகளைவிட நெம்புவதால் ஒடிபவைதான் அதிகம். வேரையோ கல்லையோ கிளப்ப மண்வெட்டியைக் கொடுத்து அழுத்தினால், கண்ணை ஒட்டிய இடத்தில் கணை விரிந்துவிடும். அது கடப்பாரையின் வேலை. இன்னொரு எதிரி கரையான். புற்று மண்ணைப் பிரசாதமாக நெற்றியில் பூசும் ஊர் இது. அதே புற்றைக் கட்டும் கரையான், வரப்பில் போட்டுவிட்டு வந்த மண்வெட்டியையும் விடாது. வெளியே வழவழவென்று இருக்கும் கணை, உள்ளே கூடாகியிருக்கும். ஓங்கும்போது தகடு கழன்று பறந்தால், எதிரில் நிற்பவரின் காலுக்கோ முகத்துக்கோ ஆபத்து. அதனால்தான் பெரியவர்கள் ஆடும் மண்வெட்டியை யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

முன்பு இந்த வேலைக்கு ஊருக்கு ஊர் ஆசாரிமார் இருந்தார்கள். தச்சாசாரி கணை போடுவார். கொல்லாசாரி தேய்ந்த வாயைத் தட்டிப் பதம் ஏற்றுவார். கூலியைக் களத்துமேட்டில் தவசமாக வாங்கிக்கொள்வார்கள். டிராக்டரும் கடைக் கணையும் வந்த பிறகு பட்டறைகள் குறைந்தன. தாத்தா காலத்து நல்ல இரும்பு, கணை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. கணை மாற்றுவது ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடிய வேலைதான்.

முதலில் மரம். கரிசல் காட்டில் கைக்கு எட்டும் நல்ல மரம் நாட்டுக் கருவேலம். வைரம் பாய்ந்த கருவேலம் அதிர்வைத் தாங்கும்; முந்தைய காலத்தில் ஏருக்கும் வண்டிக்கும் உதவிய மரம். உசிலையும் ஏற்றது. கண்மாய்க்குள் நிற்கும் மரத்தை அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது; சொந்த வரப்பில் நிற்கும் மரத்தின் நேரான கிளை போதும். கணுவும் முறுக்கும் இல்லாத கட்டையாகப் பார்த்து, ரேகையின் போக்கிலேயே பிளந்து எடுக்க வேண்டும். ரேகை குறுக்கே ஓடும் கட்டை, எவ்வளவு பருமனாக இருந்தாலும் ஒரு நாள் அந்தக் கோட்டிலேயே விட்டுப்போகும்.

பச்சைக் கட்டையில் கணை போட்டால் காயக் காயச் சுருங்கிக் கண்ணுக்குள் ஆடத் தொடங்கும். பட்டையை உரித்து, இரு முனையிலும் சாணியைப் பூசி, நிழலில் சில மாதங்கள் காயவைக்க வேண்டும். இந்த வருசம் வெட்டும் கட்டை அடுத்த வருசத்துக் கணை.

ஒடிந்த துண்டைக் கண்ணிலிருந்து எடுக்கத் தகட்டை அடுப்பில் போடுபவர்கள் உண்டு. கட்டை எரிந்துவிடும், கூடவே வாயில் ஏற்றிய பதமும் இறங்கிவிடும். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. துண்டில் துளை போட்டு, உளியால் சிதைத்து, தட்டி வெளியேற்றுவதே சரி.

புதுக் கணையை வாச்சியால் செதுக்கி, கண்ணுக்குள் நுழையும் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கண்ணின் உட்புறம் அடுப்புக் கரியைத் தடவிக் கணையை நுழைத்து எடுத்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே கரி ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் சீவினால் போதும். இறுகிய பிறகு, காய்ந்த வைரக் கட்டையில் செய்த ஆப்பை அடிக்க வேண்டும். ஆணி அடித்தால் கணை பிளக்கும். சாக்கும் ரப்பரும் திணிப்பது அன்றைய பொழுதை ஓட்டத்தான் உதவும். தண்ணீரில் ஊறப்போடுவதும் அப்படியே: ஊறிய மரம் கண்ணுக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிட அதிகம் ஆடும்.

ஆப்பை முழுதாக இறக்குமுன் ஒரு நூலை எடுத்து, கணையின் அடிமுனையிலிருந்து தகட்டின் இரண்டு மூலைகளுக்கும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் தகடு நேராக விழும். ஒரு பக்கம் கூடினால், நாள் முழுக்க ஒரு தோள் மட்டும் வலி வாங்கும்.

இதில் பெண்களின் கணக்கு தனி. களையெடுப்புக்கும் அரசின் ஊரக வேலைக்கும் மண்வெட்டியோடு போகும் பெண்களில் பலர், ஆண் கைக்குச் செய்த பருமனான கணையைத்தான் பிடிக்கிறார்கள். சுற்றிப் பிடித்தால் பெருவிரல் நடுவிரலின் நுனியைத் தொட வேண்டும். தொடாத கணையை இறுக்கிப் பிடித்தே கை சோர்ந்துபோகும், உள்ளங்கை கொப்புளிக்கும். யார் பிடிக்கப்போகிறாரோ அவர் கையை வைத்துப் பார்த்துத்தான் இழைக்க வேண்டும்.

இரும்புக் குழாயைக் கணையாக வைத்து வெல்டிங் செய்வதும் இப்போது பரவியிருக்கிறது. ஒடியாது என்பது உண்மை. ஆனால், ஒவ்வொரு கொத்தின் அதிர்வும் அப்படியே மணிக்கட்டுக்கு வரும். மதிய வெயிலில் கை வைக்க முடியாது. கண்ணில் வெல்டிங் வைத்துவிட்டால் மறுபடி மரக்கணை போடுவதும் கஷ்டம்.

கடைசியாக, கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கி, வேப்பெண்ணெய் தடவி நிழலில் வைத்தால் கணை தயார். வார்னிஷ் வேண்டாம், வியர்வைக் கையில் வழுக்கும். வேலை முடிந்ததும் மண்ணைத் துடைத்து, தரையில் போடாமல் இறவாரத்தில் செருகினால் கரையானும் மழையும் எட்டாது.

புரட்டாசியில் முதல் ஈரம் இறங்கும் நாளில் சங்கரன்கோவில் கரிசலில் யாருக்கும் ஆசாரியைத் தேட நேரமிருக்காது. அன்றைக்கு நேராக நிலத்துக்குப் போக வேண்டியவர்கள், ஆடியிலேயே எல்லா மண்வெட்டியையும் எடுத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிடுகிறார்கள்.